கேட்டால் விரலை உயர்த்தவும்

டெர்ஹி கல்லுங்கியின் ஏழாவது இசைத்தட்டு
நாற்பத்தொரு நிமிடம் ஓடும்.
முந்தைய ஆறில் நான்கு, கைக்காசு.
ஒன்றை வெளியிட்ட நிறுவனம் அதோடு திவால்.
இன்னொன்றுக்கு ஹெல்சிங்கி நாளிதழில் மூன்று வரி:
"குளிர்சாதனப் பெட்டியோடு ஒரு மணி நேரம்."
அதை வெட்டித்
தன் குளிர்சாதனப் பெட்டியிலேயே ஒட்டிவைத்திருக்கிறாள்.

பகலில் அவளுக்கு
துர்க்கு மருத்துவமனையில் செவிச் சோதனை வேலை.
ஜன்னலில்லாத அறை. பஞ்சு பொதிந்த சுவர்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி,
இந்தப் பக்கம் இவள்.
ஊசிமுனை அளவு ஒரு ஒலி அனுப்புவாள்.
கேட்டால் விரலை உயர்த்த வேண்டும்.
கேட்காவிட்டால்
என்ன கேட்கவில்லை என்று
யாரும் அவளிடம் கேட்டதில்லை.

இருபத்திரண்டு வருடம்.
கப்பல் தளத்து வெல்டர்கள், மான் வேட்டைக்காரர்கள்,
பனிவாரி ஓட்டுநர்கள், ஒரு தேவாலய ஆர்கன்காரர்.
ஒவ்வொருவர் உலகமும் எங்கே நிற்கிறதென்று
கட்டம் போட்ட தாளில் குறித்தாள்.
வலதுக்குச் சிவப்பு வட்டம்,
இடதுக்கு நீலப் பெருக்கல்.

அந்தக் குறிகள்தான் இந்தத் தட்டு.
பெயர் கிடையாது.
"1948, இடது." "1961, இரண்டும்."
ஒருவருக்கு நின்றுபோன இடத்தில்
ஒரு தடம் தொடங்கும்.
மயிரிழை விலகிய இரண்டு சுருதிகள்
உரசி உரசி
நடுவில் மூன்றாவதாக ஒன்று நடக்கும்,
ஆளில்லாத படகு
துறைச் சுவரில் மோதிக்கொண்டிருப்பதுபோல.

நான் தட்டு வெட்டுகிறவன்.
அரக்குத் தகட்டில் ஊசியை இறக்குமுன்
ஒருமுறை முழுதாகக் கேட்பேன்.
நான்காம் தடத்தில் பிடிபட்டது:
நூலைவிட மெல்லிய சீழ்க்கை,
பன்னிரண்டாயிரம் அதிர்வு.
பின்னோக்கிப் போனேன். முதல் தடத்திலும் இருந்தது.
கடைசியிலும்.
தைத்த சட்டைக்குள் எடுக்க மறந்த குண்டூசி.

பக்கத்தில் உட்கார்ந்து
காபியில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தாள்.
முகத்தில் ஒன்றுமில்லை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு முப்பத்தொன்று.
இரண்டு நிமிட வேலை. சொல்லாமலே எடுத்துவிடலாம்.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
அந்த ஒற்றைக் கோட்டை
அந்நியர் ஒருவரின் தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
"எத்தனை டெசிபல்?"
சொன்னேன்.
"எத்தனை நாளாக, என் வீட்டில், இது?"
அது எனக்கு எப்படித் தெரியும்.
உறைக்கான அச்சுப் பிரதியை இழுத்து
பின்பக்க மூலையில்
ஒரு சிவப்பு வட்டம், ஒரு நீலப் பெருக்கல் போட்டாள்,
இரண்டும் மிகக் கீழே.
"இருக்கட்டும்.
இருக்கிறவர்களுக்கு இருக்கட்டும்."

முந்நூறு அச்சடித்தோம். அறுபத்துநான்கு விற்றது.
மிச்சம் என் நிலவறையில்,
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டையோடு.

வெளியீடு நவம்பரில், பழைய கயிற்று ஆலையில்.
பதினொரு பேர், ஒரு நாய்.
நாய் முதல் தடத்திலேயே எழுந்து போய்விட்டது.
முன்வரிசையில் உர்போ,
ஓய்வுபெற்ற வெல்டர்,
அவளுடைய செவ்வாய்க்கிழமை நோயாளி.
கோட்டைக் கழற்றவில்லை.
ஒலி எழும்போதெல்லாம் விரலை உயர்த்தினார்.
சில நேரம் வலது கை. சில நேரம் இடது.
பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

டெர்ஹி சிரிக்கவில்லை.
ஒலியைக் கொஞ்சம் குறைத்தாள். விரல் நின்றது.
இன்னும் கொஞ்சம். நின்றது.
இன்னும்.
விரல் மடங்கிய இடத்தில்
அவள் கையும் நின்றது.
அங்கேயே இருந்தார்கள்,
எவ்வளவு நேரமென்று நான் பார்க்கவில்லை.
அந்த இரவு எந்தத் தட்டிலும் இல்லை.
பதிவுக் கருவியை இயக்க மறந்தவன் நான்தான்.

பிறகு எல்லாவற்றையும் அணைத்தாள்.
வெப்பக் குழாயில் தண்ணீர் நகர்ந்தது.
ஒருவர் செருமினார்.
கைதட்டலாமா என்று
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது
உர்போவின் விரல் மறுபடி உயர்ந்தது.

கருவிகளைப் பார்த்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை.

அவள் பையில் பேனாவைத் தேடினாள்.
நுழைவுச்சீட்டின் பின்புறம்
நேரம் போட்டு,
வலது, என்று எழுதினாள்.